தலைநகரப் போக்குவரத்துத் திட்டமிடலில் புறநகரின் குரல்: மாலபே காட்டும் நிலைமை

கொழும்பை நோக்கிய பிரதான போக்குவரத்து மார்க்கங்கள் ஏழு என, ஜப்பானிய சர்வதேச ஒத்துழைப்பு முகவரகமான ஜெய்க்காவின் உதவியுடன் 2014 ஆம் ஆண்டில் பூர்த்தி செய்யப்பட்ட நகரப் போக்குவரத்துப் பெருந்திட்டம் வகுத்திருந்தது. நீர்கொழும்பு, கண்டி, லோ லெவல், மாலபே, ஹைலெவல், ஹொரணை, காலி ஆகியனவே அவை. இவற்றுள் மாலபே மார்க்கத்தின் நிலை சற்று விசித்திரமானதாகும். 1982 இல் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்கு இடம்மாறியதன் பின்னர் பத்தரமுல்லையில் அமைச்சுகளும் திணைக்களங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தமர்ந்தன. மாலபேயில் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் பெருகின. ஆயினும் அங்கு புகையிரதப் பாதை கிடையாது. களனிவெளிப் பாதை தெற்கே நுகேகொடை, மஹரகம, ஹோமாகம வழியாகவும் பிரதான பாதை வடக்கே களனி, ராகமை வழியாகவும் செல்கின்றன. இடைப்பட்ட நிலப்பரப்பு முழுவதும் வீதியை மட்டுமே நம்பியுள்ளது. காலை வேளையில் 177 ஆம், 190 ஆம் இலக்கப் பேருந்துகளில் பயணிப்போருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

மாலபே, கடுவெல மாநகர சபையின் ஆட்புலத்திற்குள் அடங்கும் ஊராகும். 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அச்சபையின் எல்லைக்குள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வசித்தனர். இவ்வளவு பெரிய சபைக்குத் தன் மக்களின் அன்றாடப் பயணத்தின் மீதுள்ள அதிகாரம் எவ்வளவு? ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. மாகாணத்திற்குள் ஓடும் தனியார் பேருந்துகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாண எல்லையைத் தாண்டும் சேவைகளை 1991 இன் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஒழுங்குபடுத்துகின்றது. அரச பேருந்துகள் இலங்கை போக்குவரத்துச் சபையின் பொறுப்பு; புகையிரதம் மத்திய அரசின் திணைக்களம்; காணிப் பயன்பாட்டுத் திட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையின் கையில். மாநகர சபைக்கு எஞ்சுபவை உள்வீதிகளும் வடிகான்களும் சந்தைகளுமே. ஒரு பேருந்துத் தரிப்பிடத்தை நூறு மீற்றர் நகர்த்துவதற்கு எத்தனை அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்பதை உள்ளூராட்சி உறுப்பினர்களிடம் கேட்டால் தெரியும்.

இந்நிலையின் விளைவு இலகு ரயில் விவகாரத்தில் தெளிவாகவே வெளிப்பட்டது. கொழும்பு கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீற்றர் நீளமான உயர்மட்டப் பாதையும் 16 நிலையங்களும் கொண்ட அத்திட்டத்திற்கு, 2019 மார்ச் மாதம் ஜெய்க்காவுடன் ஏறத்தாழ 30 பில்லியன் யென் பெறுமதியான முதற்கட்டக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. 0.1 சதவீத வட்டி, 12 வருட சலுகைக் காலம் உட்பட 40 வருட மீள்செலுத்தல் என்பன அதன் நிபந்தனைகள். 2020 செப்டெம்பரில், செலவு அதிகம் என்னும் காரணம் காட்டி, திட்டத்தை உடன் நிறுத்துமாறு ஜனாதிபதி செயலகத்திலிருந்து பணிப்புரை சென்றது.

அம்முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். கடன் சுமையைப் பற்றிய அச்சம் வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடக் கூடியதுமல்ல. நாம் இங்கு சுட்டிக்காட்ட விரும்புவது நடைமுறையையே. திட்டம் வந்தபோதும், அது போனபோதும், தீர்மானம் எடுக்கப்பட்ட மேசையில் கடுவெலைக்கோ கோட்டேக்கோ உரிமையுடன் கூடிய ஆசனம் இருக்கவில்லை. பாரிய நிர்மாணம் ஒன்று தொடங்குமுன் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் கருத்துக்காக 30 நாட்கள் திறந்துவைக்கவேண்டும் எனத் தேசிய சுற்றாடற் சட்டம் விதிக்கின்றது. ஆனால் அத்தகைய திட்டமொன்றைக் கைவிடுவதற்கு எவரிடமும் கருத்துக் கேட்கவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

அதற்கு மேலாக, குரல் கொடுக்கவேண்டிய மன்றங்களே நீண்டகாலம் வெறுமையாகக் கிடந்தன. மேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2019 ஏப்ரலில் முடிவுற்றது. எனவே இலகு ரயில் இரத்துச் செய்யப்பட்ட வேளையில் மாகாண மட்டத்தில் மக்கள் பிரதிநிதி எவரும் இருக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளுமே இருந்தனர். உள்ளூராட்சி மன்றங்கள் 2023 மார்ச்சில் கலைந்தபின் இரண்டு வருடங்களுக்கு மேலாக ஆணையாளர்களின் பொறுப்பில் இருந்தன. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோதும் மாகாண சபைகளுக்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. பேருந்து அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் அதிகாரம் என்பதை நினைவிற் கொண்டால் இவ்வெற்றிடத்தின் கனம் புரியும்.

புறநகர்களுக்கு ஆசனம் வழங்குவது நடைமுறைச் சாத்தியமற்றது என்பார்க்கு அமெரிக்காவின் பொஸ்டன் பிராந்திய ஏற்பாடு ஓரளவு பதிலாகும். அந்நாட்டில் 50,000 பேருக்கு மேற்பட்ட ஒவ்வொரு நகர்ப்புறப் பகுதிக்கும் பிராந்தியப் போக்குவரத்துத் திட்டமிடல் மன்றம் ஒன்று இருத்தல் வேண்டும். அம்மன்றத்தின் திட்டப் பட்டியலில் இடம்பெறாத வேலைக்குச் சமஷ்டிப் போக்குவரத்து நிதி கிடைக்காது. பொஸ்டன் மன்றத்தின் எல்லைக்குள் 97 நகரங்களும் ஊர்களும் உள்ளன. 97 பேரும் ஒரே மேசையில் அமர்வதில்லை. 22 வாக்குகளில் 2 பொஸ்டன் நகருக்குரியவை. 12 ஏனைய நகரங்களும் ஊர்களும் தமக்குள் தெரிவுசெய்யும் பிரதிநிதிகளுக்குரியவை. அவற்றுள் 8 துணைப் பிராந்தியங்களுக்கு ஒவ்வொன்றாக ஒதுக்கப்பட்டவை. மாநிலப் போக்குவரத்துத் திணைக்களம், பொதுப் போக்குவரத்து அதிகார சபை முதலியனவும் அதே மேசையிலேயே வாக்களிக்கின்றன. சிறிய ஊரொன்று தனியே வெல்ல இயலாது. அயலூர்களுடன் இணங்கியே தன் கோரிக்கையைப் பட்டியலில் ஏற்றவேண்டும்.

குரல் இருந்தால் எல்லாம் நலமாகும் என்று எண்ணுவதற்கும் இல்லை. அதே பிராந்தியத்தில் ஆர்லிங்டன் என்ற புறநகர், 1970களில் தன் ஊரூடாகச் சிவப்பு வழித்தட ரயிலை நீடிக்கும் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தது. ரயில் 1985 இல் ஊரின் எல்லையருகே, அயல் நகரான கேம்பிரிட்ஜுக்குட்பட்ட ஏல்வைஃப் நிலையத்துடன் நின்றுவிட்டது. ஊருக்குள் சென்ற பழைய இருப்புப் பாதை பின்னர் சைக்கிள் பாதையாயிற்று. ஆர்லிங்டன்வாசிகள் இன்று அந்த ரயிலைப் பிடிக்க அயல் நகருக்கே செல்லவேண்டியுள்ளது. எனினும் மறுத்தவர்களும் மறுப்பின் விலையைச் செலுத்துபவர்களும் ஒரே ஊரார். மாலபேயில் நிகழ்ந்தது அதுவன்று.

இலங்கையில் இத்தகைய மன்றத்தை அமைக்கச் சட்டம் தேவை. அது நாளையே வரப்போவதுமில்லை. மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக்கள் இருக்கின்றனவே எனச் சிலர் கூறலாம். அவை அரசியல்வாதிகள் தலைமை தாங்கும், முறைப்பாடுகளைக் கேட்டு அதிகாரிகளுக்கு அனுப்பும் இடங்கள். பிராந்தியத் திட்டத்தை வகுக்கும் இடங்கள் அல்ல. ஆனால் 2025 இல் தெரிவான சபைகள் சட்டத்திற்குக் காத்திராமலே செய்யக்கூடியவை உண்டு. கடுவெல, கோட்டே, மஹரகம சபைகளின் எல்லையை மக்களின் பயணம் கவனிப்பதில்லை. ஆகவே மூன்று சபைகளும் கூடிப் பொதுவான கோரிக்கைப் பட்டியல் ஒன்றை நிறைவேற்றலாம். அதிவேக நெடுஞ்சாலையின் அதுருகிரிய, கடுவெல நுழைவாயில்களிலிருந்து எத்தனை வாகனங்கள் மாலபேச் சந்தியை வந்தடைகின்றன, மாலை ஏழு மணிக்குப் பின்னர் எத்தனை பேருந்துகள் உண்மையில் ஓடுகின்றன, தரிப்பிடத்திலிருந்து வீடு வரை நடைபாதை எங்கெங்கே இல்லை என்பவற்றைத் தாமே கணக்கெடுக்கலாம். அமைச்சு அதிகாரிகளிடம் ஆய்வறிக்கைகள் இருக்கின்றன; உள்ளூர்ப் பிரதிநிதியிடம் பெரும்பாலும் மனு மட்டுமே இருக்கின்றது. கோட்டை–மாலபே மார்க்கத்திற்கு இலகு ரயிலோ பேருந்துக்கென ஒதுக்கிய வழித்தடமோ மீண்டும் முன்மொழியப்படும் நாளில், நிலையங்களை எங்கு அமைப்பது, இணைப்புப் பேருந்துகளை யார் ஓட்டுவது, காணி இழப்போருக்கு எவ்வளவு என்ற கேள்விகள் முதல் கூட்டத்திலேயே எழும். அக்கூட்டத்திற்குக் கடுவெல மாநகர சபைக்கு அழைப்பு அனுப்பப்படுமா என்பதை இப்போதே எழுத்தில் கேட்டுவைப்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை.