பதவியளிப்புப் பூசல்

பதவியளிப்புப் பூசல் என்பது ஆயர்களையும் துறவுமடத் தலைவர்களையும் பதவியில் அமர்த்தும் உரிமை திருத்தந்தைக்கு உரியதா, அரசருக்கு உரியதா என்பது பற்றி 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூண்டு, செருமானியப் பேரரசைப் பொறுத்தவரை 1122இல் தணிந்த அதிகாரப் போராட்டமாகும். புதிய ஆயரிடம் அரசரே மோதிரத்தையும் ஆயர்கோலையும் அளிப்பது அக்கால வழக்கம். மோதிரம் ஆயர் தம் திருச்சபையோடு கொண்ட பிணைப்பையும், கோல் மந்தையைக் காக்கும் மேய்ப்புப் பணியையும் குறித்தமையால், அருட்பணிக்குரிய சின்னங்களைப் பொதுநிலையினர் ஒருவர் வழங்குவது முறையன்று எனச் சீர்திருத்தக் குருக்கள் வாதிட்டனர்.

அரசர்களால் இவ்வழக்கத்தை எளிதில் விட்டுக்கொடுக்க இயலவில்லை. பேரரசர் முதலாம் ஓட்டோ காலம் முதல் ஆயர்கள் நிலமும் நீதி உரிமையும் படைவீரரும் உடைய ஆட்சியாளர்களாகவும் இருந்தனர். அவர்களுக்கு முறையான வாரிசு இல்லாததால், அவர்கள் இறந்ததும் பதவியைத் தமக்கு வேண்டியவருக்கு அளிக்க அரசரால் முடிந்தது. 1046இல் மூன்றாம் என்றி, திருத்தந்தைப் பதவிக்கு உரிமை கோரியவர்களை விலக்கி வேறொருவரை அமர்த்தினார். பின்னர் பேரரசை எதிர்த்த சீர்திருத்த இயக்கம் உரோமில் வேரூன்ற அந்தப் பேரரசரின் தலையீடே வழிவகுத்தது. 1059இல் திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பதில் கர்தினால்களுக்கே முதன்மை என விதிக்கப்பட்டது.

1073இல் பதவியேற்ற திருத்தந்தை ஏழாம் கிரகோரி, பேரரசர்களைப் பதவி நீக்கவும் திருத்தந்தைக்கு அதிகாரம் உண்டு எனக் கருதினார். மிலான் பேராயர் நியமனத்தில் செருமானிய அரசர் நான்காம் என்றி தலையிட்டதையடுத்து மோதல் முற்றியது. 1076 சனவரியில் வோர்ம்ஸ் நகரில் கூடிய செருமானிய ஆயர்கள் கிரகோரிக்குக் கீழ்ப்படிய மறுக்க, அடுத்த மாதமே அவர் என்றியைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அரசருக்கு அளித்த உறுதிமொழியிலிருந்தும் அவர்களை விடுவித்தார். குறுநில மன்னர்கள் கைவிடும் நிலை வந்ததால், 1077 சனவரியில் என்றி ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, தஸ்கனியின் மத்தில்டாவுக்குரிய கனோசா கோட்டை முன் மூன்று நாள் தவக்கோலத்தில் காத்திருந்து கிரகோரியிடம் மன்னிப்புப் பெற்றார். இதனை அரசரின் தோல்வி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. மனம் வருந்தி வந்தவரைக் குரு ஒருவர் திருப்பியனுப்ப இயலாது என்பதே என்றியின் துணையாயிற்று. ஆனால் மோதல் மீண்டும் மூண்டது; 1084இல் என்றி உரோமைக் கைப்பற்றி எதிர்த்திருத்தந்தை ஒருவரால் முடிசூட்டப்பட்டார். கிரகோரி மறு ஆண்டில் சலேர்னோவில் காலமானார்.

சிக்கலின் வேரைத் தொட்டது 1111இல் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கால் முன்வைத்த தீர்வு. ஆயர்கள் அரசரிடமிருந்து பெற்ற நிலங்களையும் உரிமைகளையும் திருப்பித் தந்துவிட்டால், அரசர் பதவியளிக்கும் உரிமையைக் கைவிட வேண்டும் என்றார் அவர். அப்போதைய செருமானிய அரசர் ஐந்தாம் என்றி இசைந்தார். ஆனால், முடிசூட்டு நாளில் இது புனித பேதுரு பேராலயத்தில் படிக்கப்பட்டதும் செருமானிய ஆயர்களும் பிரபுக்களும் கொதித்தெழுந்தனர். ஆயர்களுக்கு நிலத்தை இழக்க மனமில்லை. திருச்சபை நிலங்களைத் தம்வசம் வைத்திருந்த பிரபுக்களும் அஞ்சினர். என்றி திருத்தந்தையைச் சிறைப்பிடித்து, தாம் விரும்பிய உரிமையை எழுதி வாங்கினார்; மறு ஆண்டே திருச்சபை மன்றம் அதனைச் செல்லாததாக்கியது.

1122 செப்டம்பர் 23இல் ஏற்பட்ட வோர்ம்ஸ் உடன்படிக்கை, 1107இல் இங்கிலாந்தில் எட்டப்பட்ட இணக்கத்தைப் போலவே, பதவியின் இரு கூறுகளையும் பிரித்தது. பேரரசர் மோதிரத்தையும் கோலையும் விட்டுக்கொடுத்து, நில உரிமையை மட்டும் செங்கோலால் வழங்கினார். செருமனியில் தேர்தல் அவர் முன்னிலையில் நடைபெற்று, திருநிலைப்பாட்டுக்கு முன்பே செங்கோல் அளிக்கப்பட்டது. இத்தாலியிலும் பர்கண்டியிலும் திருநிலைப்பாடு முதலில் நிகழ்ந்து, ஆறு மாதங்களுக்குள் செங்கோல் வழங்கப்பட வேண்டியிருந்ததால், அங்கே அரசரின் பிடி பெரிதும் தளர்ந்தது.