கொழுப்பகற்றும் அறுவை: தேவையும் வரம்பும்

தோலடிக் கொழுப்பைக் குழாய்வழி உறிஞ்சி நீக்கும் லிப்போசக்‌ஷன், உலகெங்கும் மிகுதியாக நாடப்படும் அழகு அறுவைகளுள் ஒன்று. இதன் வரலாற்றை அறிந்தால்தான் மார்க்க அறிஞர்கள் இதற்கு வகுத்த வரம்பின் பொருள் நமக்கு விளங்கும்.

கொழுப்பை அறுத்தெடுக்கும் முயற்சி புதிதன்று. குர்துபாவை அடுத்த ஸஹ்ரா நகரின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936–1013) தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில், ஆடவர் மார்பு பெண்டிர் மார்புபோல் பருப்பதற்கு அறுவை கூறியுள்ளார். பிறை வடிவில் தோலைக் கீறிக் கொழுப்பை அகற்றித் தைக்கும் முறை அது. ஏழாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் பவுலின் மரபைப் பெற்று அவர் வளர்த்தார். அங்கு அறுவைக்குக் காரணமாக நின்றது ஒரு குறைபாடு.

காரணம் வெறும் விருப்பமாக மாறியபோது விளைந்ததை 1920களின் பாரிஸ் காட்டிற்று. நடனமாது ஒருவரின் காலிலிருந்து கொழுப்பைச் சுரண்டியெடுக்கையில் இரத்தக்குழாய் சிதைந்து, காலையே துண்டிக்க நேர்ந்தது. 1970களில் ரோமில் ஃபிஷர் என்னும் தந்தையும் மகனும், 1977இல் பாரிஸில் இலூஸும் உறிஞ்சு குழாய் முறையை உருவாக்கினர். நீர்த்த மரப்பு மருந்தைச் செலுத்தி இரத்தப்போக்கைக் குறைக்கும் முறையை 1987இல் அமெரிக்கர் கிளைன் வெளியிட்டார். ஆயினும் இரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்தல், மருந்து நஞ்சாதல் ஆகிய ஆபத்துகள் முற்றும் நீங்கவில்லை. வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பையும் இது தொடுவதில்லை. ஆதலின் உடற்பருமனுக்கு இது மருந்தாகாது.

உருவைச் சீர்செய்யும் அறுவை அனைத்தும் வீண் அலங்காரம் என்று கருதுவதற்கில்லை. திருவண்ணாமலைப் பகுதி 1989 வரை அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரான வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பால் பிராண்ட் 1940களின் இறுதி முதல் தொழுநோயாளரின் முடங்கிய கைகளைச் சீர்செய்தார். சிதைந்த மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் மீட்டுத் தந்தார். ஊர் ஒதுக்கிய மனிதர் மீண்டும் ஊருக்குள் நடப்பதற்கு அம்முகம் வேண்டியிருந்தது. போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குப் பொன்னால் மூக்கு அமைத்துக்கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அனுமதித்த செய்தி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னே, தேவையின் முன் அனுமதிக்கப்பட்டது.

இந்நெறியிலேயே சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் 173ஆம் தீர்மானத்தை இயற்றியது. உடல் எடை நோய்நிலையாக இருத்தல், அறுவையன்றி வேறு வழி இல்லாதிருத்தல், தீங்கினின்று பாதுகாப்பு இருத்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால், கொழுப்பு உறிஞ்சல் உள்ளிட்ட அறுவையால் எடை குறைப்பது ஆகும் என்பது அதன் முடிவு.

சென்னையை அடுத்த தனியார் மருத்துவமனை ஒன்றில் 2024இல் எடைக்குறைப்பு அறுவைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அது வேறுவகை அறுவையாயினும், மூன்றாம் நிபந்தனையின் கனத்தை நமக்கு உணர்த்துகிறது. உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன்மீது கத்தி வைக்கச் சம்மதிக்குமுன், நோய் உண்டா, வேறு வழி உண்டா, உயிருக்குக் காப்பு உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நம் கடமை.