அகன்ற டயரும் தாழ்ந்த காரும்

மாலை நேரத்தில் தோட்டத்துச் சாலையில் ஒரு கார் வருகிறது. அதன் சொந்தக்காரத் தம்பி ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தியிருக்கிறார். அகன்ற டயர்களும் பூட்டியிருக்கிறார். கோயில் வளைவில் திரும்பும்போது 'சர்ர்' என்று ஓர் ஓசை எழுகிறது. கூடவே ரப்பர் தீயும் வாடை வருகிறது. டயர் மட்கார்டில் உரசுகிறது. "நல்லா இருந்த காடியை ஏம்பா கெடுத்தே?" என்கிறார் பெரியவர். தம்பிக்கு ரோசம் வந்துவிடுகிறது.

இதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். இந்த உரசலுக்குப் பின்னால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதை அறிந்துகொண்டால் பெரியவரும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம். அந்த வரலாற்றையே இன்று பார்க்கப் போகிறோம்.

வெயிலில் உருகி, குளிரில் விறைத்துப்போகும் பொருளாக ரப்பர் இருந்த காலம் உண்டு. 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படுவதைக் கண்டார். 1845இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது வழக்கத்துக்கு வரவில்லை. பின்னர் 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகச் செய்து பார்த்த காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் மிஷலின் சகோதரர்கள் காற்று டயர் பூட்டிய காரைப் பாரிஸ்–போர்டோ பந்தயத்தில் ஓட்டினார்கள். வழியெல்லாம் டயர் பஞ்சரானாலும் மோட்டார் காருக்கும் காற்று டயர் பொருந்தும் என்பது தெரிந்தது.

இதே காலத்தில் நம் குடும்பங்களின் கதையும் தொடங்கிவிட்டது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்து, அந்த உளியைக் கையில் பிடித்தார்கள். அவர்கள் வெட்டிய பாலில் பெரும்பகுதி எங்கே போயிற்று? காரின் டயருக்குத்தான்.

அந்தக் காலத்துக் கார்களில் உரசல் ஏது? 1908இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சாலைகளில் ஓடிய அந்தக் காரின் முன் டயர் 3 அங்குல அகலம். பின் டயர் 3½ அங்குலம். சக்கரம் உயரமானது, டயர் ஒல்லியானது. மட்கார்டோ குடைபோல மேலே தனியாக நின்றது. இடையில் கை நுழையும் அளவுக்கு இடம் இருந்தது.

1923இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 'பலூன் டயர்' என்ற புது வகையைக் கொண்டுவந்தது. பழைய டயரைவிட அகலம் கூடுதல். அடைக்கும் காற்றின் அழுத்தமோ ஏறக்குறையப் பாதி. மேடு பள்ளத்தில் குலுக்கல் குறைந்தது, பயணம் சுகமாயிற்று. ஆனால் ஸ்டியரிங் கனத்தது. முன் சக்கரங்கள் தடதடவென ஆடவும் செய்தன. பொறியாளர்கள் ஸ்டியரிங்கையும் சக்கரம் நிற்கும் கோணத்தையும் திருத்த வேண்டியதாயிற்று. டயரை மட்டும் மாற்றினால் போதாது, அதைச் சுற்றியுள்ளதையும் மாற்ற வேண்டும் என்ற பாடத்தை மோட்டார் உலகம் அப்போதே கற்றுக்கொண்டது.

பின்னர் மட்கார்டு காரின் உடலோடு ஒன்றாகி, சக்கரத்தை மூடிய வளைவாக மாறியது. இடம் சுருங்கிற்று. 1946இல் மிஷலின் நிறுவனம் 'ரேடியல்' டயருக்குக் காப்புரிமை பெற்றது. தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டை வைத்த இந்த வகையால், டயரை மேலும் அகலமாகவும் அதன் பக்கச் சுவரைக் குட்டையாகவும் செய்ய வழி பிறந்தது.

இனி, காரைத் தாழ்த்தும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்த மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, ஸ்பிரிங்கை அறுத்தும், பின்னால் மணல் மூட்டை ஏற்றியும் தாழ்த்தினார்கள். மற்றவர்கள் வேகத்தைத் தேடியபோது, இவர்கள் தாழ்வாகவும் மெதுவாகவும் அழகாகவும் ஊர்வலம் போவதைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். காரின் எந்தப் பகுதியும் சக்கர வளையத்தின் அடி விளிம்புக்குக் கீழே இறங்கக்கூடாது என்று அம்மாநிலம் 1950களின் கடைசியில் சட்டம் போட்டது. உடனே ரான் அகிரே என்ற இளைஞர், விமானத்திலிருந்து கழித்த எண்ணெய் அழுத்தப் பம்புகளைத் தம் காரில் பூட்டினார். விரும்பினால் தாழும், போலீஸ்காரரைக் கண்டால் உயரும்!

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த இளைஞர்களில் பலர் தாழ்ந்த காருக்கு ஒல்லி டயரையே தேர்ந்தெடுத்தார்கள். உடல் கீழே இறங்கினால் டயருக்கு இடம் குறையும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

தாழ்வும் அகலமும் சேர்ந்தே வேண்டும் என்றால் என்ன செய்வது? 1976இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 'கோல்ஃப் ஜி.டி.ஐ.' காரை வெளியிட்டது. சாதாரண கோல்ஃபைவிட அதன் உயரம் சற்றுக் குறைவு. டயர் அகலமோ 175 மில்லிமீட்டராகக் கூடியது. ஆகவே மட்கார்டு விளிம்பில் கறுப்பு பிளாஸ்டிக் வளைவு ஒன்றைச் சேர்த்து அகலப்படுத்தினார்கள். கார் செய்த தொழிற்சாலையே இப்படி இடம் ஒதுக்கித்தான் அகன்ற டயரைப் பூட்டியது. நாம் மட்டும் இடம் பார்க்காமல் பூட்டலாமா?

இந்தக் கணக்கு நம் பிள்ளைகளுக்கு எட்டாததன்று. டயரின் பக்கத்தில் '185/60 ஆர் 14' என்று இருந்தால், 185 மில்லிமீட்டர் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் 60 விழுக்காடு, அதாவது 111 மில்லிமீட்டர். வளையம் 14 அங்குலம். மொத்த உயரம் ஏறக்குறைய 578 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக '195/50 ஆர் 15' பூட்டினால் மொத்த உயரம் 576 மில்லிமீட்டர். உயரம் அநேகமாக ஒன்றே. அகலம் மட்டும் 10 கூடுகிறது: வெளிப்புறம் 5, உட்புறம் 5.

ஆனால் புது வளையத்தின் 'ஆஃப்செட்' அளவையும் பார்க்க வேண்டும். போல்ட் போட்டு இறுக்கும் முகம், வளையத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே அது. பழைய வளையத்தில் 45 ஆக இருந்து புதியதில் 35 ஆனால், சக்கரம் மேலும் 10 மில்லிமீட்டர் வெளியே வரும். ஆக வெளிப்புறம் மொத்தம் 15 மில்லிமீட்டர் நீளும். அந்த 15தான் வளைவில் 'சர்ர்' என்கிறது.

ஆகையால் பணம் கொடுப்பதற்கு முன்பே அளந்து பார்க்க வேண்டும். பூட்டியபின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, உள்ளே எங்காவது தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பின் இருக்கையில் ஆட்களை ஏற்றி, மேட்டின் மீது மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். காலியான கார் உரசாது. குடும்பத்தோடு கோயில் திருவிழாவுக்குப் போகும்போதுதான் உரசும். மட்கார்டின் உள் விளிம்பு மட்டும் தடுக்கிறதென்றால், தொழில் தெரிந்தவர் சாயத்தைச் சூடுகாட்டி, உருளைக் கருவியால் அந்த விளிம்பை உள்ளே மடித்துவிடுவார். ஸ்பிரிங்கை அறுப்பது ஆபத்து. அறுத்த ஸ்பிரிங் இருப்பிடம் விட்டு நழுவலாம். உரசி உரசி டயரின் உள் இழை வெளியே தெரிந்துவிட்டால், ஓட்டத்தில் வெடிக்கும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

நேயர்களே, பால் வெட்டியவர்களுக்கு இந்தப் பாடம் புதியதா? பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள உயிர்ப்படலத்தில் உளி படக்கூடாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் வைத்துச் சீவ வேண்டும். மேலாக வெட்டினால் பால் குறையும். ஆழமாகப் போனால் மரம் காயம்பட்டு, மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். விடியற்கால இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கைவிரலாலேயே அறிந்தவர்கள் நம் தாய்மார்கள்.

ஆகவே தம்பியைத் திட்டி விரட்ட வேண்டாம். அளவுகோலை எடுத்துவரச் சொல்லி, அவரோடு சக்கரத்தருகே நாமும் குந்தி உட்காருவோம். இடம் எவ்வளவு இருக்கிறது என்று சேர்ந்தே அளந்து பார்ப்போம்.