கார் நகரமும் கலைக்கூடமும்



அமெரிக்காவின் டெட்ராயிட் நகரம் மோட்டார் வாகனத் தொழிலால் வளர்ந்தது. அந்நகரக் கலைக்கூடத்தின் நடுமண்டபச் சுவர்களில், மெக்சிகோ நாட்டு ஓவியர் டியகோ ரிவேரா 1932, 1933ஆம் ஆண்டுகளில் தொழிற்சாலைக் காட்சிகளைத் தீட்டினார். 27 பகுதிகள் கொண்ட அவ்வோவியத்தில் உழைக்கும் தொழிலாளரே முதன்மை பெறுகின்றனர். அதற்குப் பணம் கொடுத்தவரோ, போர்டு கார் நிறுவனத்தின் தலைவர் எட்செல் போர்டு.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்தன. 2013 ஜூலையில் டெட்ராயிட் மாநகரம் கடன் சுமை தாங்காமல் திவால் மனுச் செய்தது. கலைக்கூடத்தின் ஓவியங்கள் அப்போது மாநகரத்தின் சொத்தாக இருந்தன. அவற்றை விற்றுக் கடனை அடைக்க வேண்டும் என்றனர், கடன் கொடுத்தோர் சிலர். மறுபுறம், ஓய்வுபெற்ற மாநகர ஊழியர்களின் ஓய்வூதியம் பெரிதும் குறையும் நிலை. ஓவியமா, முதியோரின் சோறா?

இரண்டையும் காக்க வழி கண்டனர். அறநிறுவனங்கள் 366 மில்லியன் டாலரும், மாநில அரசு 195 மில்லியன் டாலரும் தர முன்வந்தன. கலைக்கூடம் தன் பங்காக 100 மில்லியன் டாலர் நிதி திரட்ட வேண்டும். 2014 ஜூனில் உள்ளூர்க் கார் நிறுவனங்கள் கை கொடுத்தன. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் தலா 10 மில்லியன், கிரைஸ்லர் 6 மில்லியன் தருவதாக அறிவித்தன.

இந்நிதி ஓய்வூதியத்திற்கே ஒதுக்கப்பட்டது. ஓவியங்கள் ஏலத்திலிருந்து தப்பின. ஆயினும், பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 விழுக்காடு குறைந்ததை நாம் மறைக்கலாகாது.

நேயர்களே, ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். சுவரிலுள்ள தொழிலாளரைக் காக்கும்போது, ஊரிலுள்ள தொழிலாளரையும் மறவாத கொடையே நற்கொடை.