வந்த வழியை மறவாத விலாசம்

ரெட் ஹாட் நிறுவனத்தார் கிக்ஸ்டார்ட் என்னும் முறையை வகுத்து, விசைப்பலகையருகே மனிதர் எவரும் அமராமலே லினக்ஸைச் சர்வரில் நிறுவிவிடலாம் என்ற சௌகரியத்தை ஏற்படுத்தித் தந்தபோதும், ஒரே சர்வரில் இரண்டு, நான்கு என்று நெட்வொர்க் கார்டுகள் இருந்தால் எதன் வழியாக நிறுவலை நடத்துவது என்ற கேள்வி நெடுநாள் முள்ளாகவே உறுத்தி வந்தது.

அந்நாளில் கெர்னல், பந்திக்கு முந்தியவனுக்கு முதல் இலை என்பதுபோல, தன் கண்ணில் முதலில் பட்ட கார்டுக்கு ஈத்0 என்றும் அடுத்ததற்கு ஈத்1 என்றும் நாமகரணம் செய்தது. ஆகவே கெர்னல் பதிப்பு மாறினாலோ, புதிய கார்டு ஒன்று செருகப்பட்டாலோ அந்தக் கிரமமும் மாறக்கூடியதாயிருந்தது. மதர்போர்டிலுள்ள போர்ட்டில் கேபிளைச் செருகி, நெட்வொர்க் வழியே சர்வரைத் துவக்கும் பி.எக்ஸ்.இ. முறையில் அதே போர்ட் வழியாகக் கெர்னலை இறக்கிய சர்வர், அடுத்த கணமே அதை மறந்து, நீலத்திரையில் ஒரு பெட்டியை வரைந்து, எந்தக் கார்டு என்று வினவி நின்றுவிடும். பதில் சொல்ல ஆளில்லாத அறையில் அந்தக் கேள்வி விடியும்வரை அப்படியே ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

பரிகாரங்கள் சில தோன்றின. இணைப்பு உயிரோடிருக்கும் முதல் கார்டை எடுத்துக்கொள் என்று கட்டளையிடலாம். ஆனால் இரண்டு கேபிள்கள் செருகியிருந்தால் பழைய சந்தேகமே திரும்பும். ஒவ்வொரு சர்வருக்கும் அதன் கார்டுக்குரிய மேக் விலாசத்தைத் தனித்தனியே எழுதி வைக்கலாம். நூறு சர்வர்களுக்கு அதைச் செய்பவரின் சிரமத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

பி.எக்ஸ்.இ. வழியே லினக்ஸை ஏற்ற எச். பீட்டர் ஆன்வின் இயற்றிய பி.எக்ஸ்.இ.லினக்ஸ் காட்டிய வழியையே நான் உத்தமமானதாகக் கருதுகிறேன். அதன் கோப்பில் ‘ஐபிஅப்பெண்ட் 2’ என்ற ஒரே வரியைச் சேர்த்துவிட்டால், தான் எந்தக் கார்டு வழியாக வந்ததோ அதன் விலாசத்தை ‘பூட்இஃப்’ என்ற தலைப்புடன் கெர்னலுக்குச் சொல்லிவிட்டு அது விலகிக்கொள்ளும். டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் 1980-இல் வெளியிட்ட ஈதர்நெட் விதிகளில் இடம்பெற்ற அதே 48 பிட் விலாசம்தான் அது. முன்னால் மட்டும், ஈதர்நெட் வகையைக் குறிக்கும் 01 என்ற எண் சேர்ந்து நிற்கும். கிக்ஸ்டார்ட் அந்த விலாசமுடைய கார்டைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கிரமம் எப்படி மாறினும் கவலையில்லை.

பெயர்களும் பின்னர் திருந்தின. 2011-இல் ஃபெடோரா 15, டெல் நிறுவனத்தாரின் பயாஸ்டெவ்நேம் கருவியை ஏற்று, மதர்போர்டிலுள்ள கார்டை ‘ஈஎம்1’ என்று அழைத்தது. 2013-இல் வந்த சிஸ்டம்டி 197, கார்டு அமர்ந்திருக்கும் இடத்தைக் கொண்டே ‘ஈஎன்ஓ1’ முதலிய பெயர்களை இட்டது. ஆயினும் 2014-இல் இப்பெயர்களோடு வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-இன் நிறுவலும் பூட்இஃப் வரியை விட்டுவிடவில்லை. கார்டு எங்கே இருக்கிறது என்பதைத்தான் புதிய பெயர் சொல்லும், கெர்னல் எதன் வழியே வந்தது என்பதை அந்த வரியே சொல்லும்.