பொறிமுறை விசைப்பலகை: மறைந்து மீண்ட வரலாறு

கணினிக்குள் எழுத்தையும் கட்டளையையும் செலுத்தப் பயன்படும் முதன்மையான கருவி விசைப்பலகை. ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனியாக ஒரு சுருள்வில்லும் ஒரு சுவிட்சும் இருக்குமானால் அது பொறிமுறை விசைப்பலகை எனப்படும். கடைகளில் ‘மெக்கானிக்கல் கீபோர்டு’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். 1980களில் அலுவலகக் கணினிகளில் பரவலாக இருந்த இவ்வகை, 1990களில் விலை மலிவான ரப்பர் விசைப்பலகைகளுக்கு இடம்விட்டு ஏறக்குறைய மறைந்தது. பின்னர் கணினி விளையாட்டு ஆடுவோராலும் நாள் முழுவதும் தட்டச்சு செய்வோராலும் மீண்டும் மேசைக்கு வந்தது. அது ஏன் போனது, ஏன் திரும்பியது, இன்று புதிதாக வாங்குபவருக்கு உண்மையில் என்ன தருகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தட்டச்சுப் பொறியின் மரபு

அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் தம் கூட்டாளிகளுடன் 1868-இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றும் நாம் பயன்படுத்தும் ‘கியூவெர்ட்டி’ என்னும் எழுத்து வரிசை அந்தப் பொறியின் வழியாகவே வந்தது.

பழைய தட்டச்சுப் பொறியில் விரலின் வலிமைதான் எழுத்தை அச்சிட்டது. விசையை அழுத்தினால் நெம்புகோல் எழும்பும். அதன் நுனியிலுள்ள அச்செழுத்து மை நாடாவின் மேல் மோதும். தாளில் எழுத்து விழும். எழுத்து விழுந்ததை விரலும் காதும் ஒரே நேரத்தில் அறிந்தன. எனவே தேர்ந்த தட்டச்சர் விசைகளைப் பார்க்காமலே வேகமாக அடிக்க முடிந்தது.

மின் தட்டச்சுப் பொறிகள் வந்தபோது அச்சிடும் வேலையை மோட்டார் ஏற்றுக்கொண்டது. 1961-இல் வெளிவந்த ஐபிஎம் நிறுவனத்தின் ‘செலக்ட்ரிக்’ இவற்றுள் புகழ்பெற்றது. கணினியில் விரலுக்கு அந்த வேலைகூட இல்லை. ஒரு சிறு மின்சுற்றை மூடினால் போதும். ஆனால் அங்கே ஒரு சிக்கல் தோன்றியது. விசை பதிந்ததா இல்லையா என்பதை விரல் எப்படி அறியும்? தட்டச்சுப் பொறியில் தானாகவே கிடைத்த அந்த உணர்வைக் கணினி விசைப்பலகையில் திட்டமிட்டு உருவாக்க வேண்டியிருந்தது. பொறிமுறை விசைப்பலகையின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்கிறது.

ஐபிஎம் கண்ட விடை

ஐபிஎம் பொறியாளர் ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ் 1970களில் இதற்கு ஓர் எளிய விடை கண்டார். விசைக்கு அடியில் ஒரு சுருள்வில்லை நிறுத்தினார். விசையை அழுத்தும்போது வில் முதலில் நேராகச் சுருங்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டெனப் பக்கவாட்டில் வளையும். அந்த வளைவு அடியிலுள்ள சிறு தகட்டைச் சாய்க்கும்; அத்துடன் விசை பதிவாகும். விரல் உணரும் தளர்வு, காதில் விழும் ஒலி, கணினிக்குச் செல்லும் குறிப்பு ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நிகழ்ந்தன.

1981-இல் வெளிவந்த முதல் ஐபிஎம் தனியாள் கணினியுடன் ‘மாடல் எஃப்’ என்னும் இவ்வகை விசைப்பலகை வந்தது. அதில் 83 விசைகள் இருந்தன. 1980களின் நடுவில் அதன் இடத்தைப் பிடித்த ‘மாடல் எம்’ விசைப்பலகையின் 101 விசை அமைப்பே, சிற்சில மாற்றங்களுடன், இன்றைய முழு அளவு விசைப்பலகையின் அமைப்பு. மாடல் எம் அன்றே செலவைக் குறைக்கும் முயற்சியைக் காட்டியது. சுருள்வில்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கீழிருந்த விலை மிகுந்த மின்சுற்றுப் பலகைக்குப் பதிலாக அச்சிடப்பட்ட நெகிழித் தாள்களை வைத்தார்கள்.

செர்ரியின் நிறங்கள்

அமெரிக்காவில் 1953-இல் தொடங்கப்பட்டுப் பின்னர் ஜெர்மனியில் நிலைகொண்ட செர்ரி நிறுவனம், 1980களின் முற்பகுதியில் ‘எம்எக்ஸ்’ என்னும் சுவிட்சை உருவாக்கியது. கட்டைவிரல் நகத்தளவுள்ள ஒரு பெட்டி. உள்ளே ஒரு சுருள்வில், ஓர் இணைப்புத் தகடு, மேலும் கீழும் நகரும் ஒரு தண்டு. அவ்வளவுதான். தண்டின் நிறமே சுவிட்சின் பெயரானது.

சிவப்பு வகையில் தண்டு தடையின்றி இறங்கும். பதிவாவதற்குச் சுமார் 45 கிராம் எடையளவு அழுத்தம் போதும். கருப்பும் தடையற்றதே, ஆனால் சுமார் 60 கிராம் அழுத்தம் கேட்கும். பழுப்பு வகையில் நடுவழியில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தெரியும். நீலத்தில் அந்த மேட்டுடன் ‘கிளிக்’ ஒலியும் சேரும். இவை எல்லாவற்றிலும் தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலேயே விசை பதிவாகிவிடும். அதாவது அடிவரை குத்த வேண்டியதில்லை.

ரப்பர் விசைப்பலகையின் காலம்

1990களில் கணினி வீடுகளுக்குள் நுழைந்தது. விலைப் போட்டியில் ஒவ்வொரு பாகத்தின் செலவும் குறைக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனிச் சுவிட்சுகளுக்குப் பதிலாக, சிறு குமிழ்கள் கொண்ட ஒரே ரப்பர் விரிப்பும் அதன் கீழ் மின்பாதை அச்சிட்ட நெகிழித் தாள்களும் போதும் என்றானது. விசையை அழுத்தினால் குமிழ் மடங்கித் தாள்களை ஒன்றோடொன்று தொடச் செய்யும். ஐபிஎம் தன் விசைப்பலகைத் தொழிலை 1991-இல் லெக்ஸ்மார்க் என்னும் புதிய நிறுவனத்துக்கு மாற்றியது. 1996-இல் அவர்களும் விலகிக்கொள்ள, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் யூனிகாம்ப் என்னும் சிறு நிறுவனம் அந்தப் பழைய வகையைத் தொடர்ந்து தயாரித்தது.

ரப்பர் விசைப்பலகையைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. ஏழை எளிய வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் கணினி சென்று சேர்ந்ததில் அதன் மலிவுக்கும் பங்குண்டு. அது ஓசை எழுப்பாது. ஓரளவு தண்ணீர் சிந்தினாலும் தாங்கும். குறை என்னவென்றால், பெரும்பாலும் விசையை அடிவரை அழுத்தினால்தான் பதிவாகும். நாளாக ஆக ரப்பர் இறுகியோ தளர்ந்தோ போகும். ஒரு விசை கெட்டாலும் முழுப் பலகையையும் தூக்கி எறிவதே வழக்கமானது.

விளையாட்டு கொண்டுவந்த மீட்சி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த ‘டாஸ் கீபோர்டு’ 2006-இல் செர்ரியின் நீலச் சுவிட்சுகளுடன் வெளியானது. அதன் விசைகளில் எழுத்தே அச்சிடப்படவில்லை. 2008-இல் ஸ்டீல்சீரிஸ் நிறுவனம் ‘7ஜி’ என்பதையும், 2010-இல் ரேசர் நிறுவனம் ‘பிளாக்விடோ’ என்பதையும் விளையாட்டுக்கென்றே விற்றன. 2014 வாக்கில் எம்எக்ஸ் சுவிட்சின் காப்புரிமைக் காலம் முடிந்திருந்தது. கைல், கேட்டரான் போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவில் சுவிட்சுகளைத் தயாரித்தன. விலை இறங்கியது, மாணவர்களும் வாங்கும் நிலை வந்தது.

விளையாடுவோர் இதை நாடியதற்கு உணர்வு மட்டும் காரணமன்று. விசைப்பலகைக்குள் மின்பாதைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டதுபோல் ஓடுகின்றன. ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளிலுள்ள விசைகளை ஒருசேர அழுத்தினால், மின்னோட்டம் சுற்றிச் சென்று, அழுத்தாத நான்காவது விசையும் அழுத்தப்பட்டதுபோல் தோன்றும். இதைத் தவிர்க்க, சாதாரண விசைப்பலகை மூன்றாவது விசையையே புறக்கணித்துவிடும். கட்டுரை தட்டச்சு செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஓடிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பிக் குதிக்க வேண்டிய ஆட்டக்காரருக்கோ குதிப்பு மட்டும் நிகழாமல் போகும். தனித்தனிச் சுவிட்சு உள்ள பலகையில் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு டையோடு வைத்து, மின்னோட்டம் திரும்பி ஓடாமல் தடுத்துவிடலாம். அப்போது எத்தனை விசையை ஒன்றாக அழுத்தினாலும் அத்தனையும் பதிவாகும்.

வேகம் பற்றிய நம்பிக்கையும் உண்மையும்

‘இதை வாங்கினால் ஆட்டத்தில் வெல்லலாம்’ என்பது விளம்பரத்தின் வாக்கு. உலோகத் தகடுகள் தொடும்போது சில மில்லி நொடிகள் துள்ளும். ஒரு முறை அழுத்தியதை இரு முறை என்று எண்ணாதிருக்க, உள்ளிருக்கும் சில்லு அந்தத் துள்ளல் அடங்கும்வரை காத்திருப்பதுண்டு. இது ஐந்து மில்லி நொடி அளவுக்கு இருக்கலாம். ஆனால் திரையில் ஒன்றைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 200 மில்லி நொடிகள் ஆகின்றன. எனவே பெரும்பாலான ஆட்டக்காரர்களின் வெற்றி தோல்வி சுவிட்சில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது.

தகடுகள் தொடாமலே காந்தத்தின் நெருக்கத்தை அளந்து விசையைப் பதியும் முறையும் உண்டு. ஹால் விளைவு எனப்படும் இயற்பியல் தத்துவத்தில் இயங்கும் இத்தகைய விசைப்பலகைகளை மைக்ரோ சுவிட்ச் என்னும் அமெரிக்க நிறுவனம் 1960களின் இறுதியிலேயே செய்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் நெதர்லாந்தின் வூட்டிங் போன்ற நிறுவனங்கள் அதை விளையாட்டுக்காக மீட்டெடுத்தன.

இந்த வேகப் போட்டி ஒரு கட்டத்தில் நேர்மை பற்றிய கேள்வியாகவும் மாறியது. இடம், வலம் ஆகிய இரு விசைகளும் ஒருசேர அழுந்தியிருந்தால், கடைசியாக அழுத்தியதை மட்டும் தானே தேர்ந்துகொள்ளும் வசதி சில விசைப்பலகைகளில் 2024-இல் பரவியது. ஒரு விசையை விட்டு மறு விசையைச் சரியான கணத்தில் அழுத்துவது ஆட்டக்காரர் பல மாதம் பழகிப் பெறும் திறன். அதைக் கருவியே செய்துவிட்டால் திறன் யாருடையது? அவ்வாண்டு ஆகஸ்டில், ‘கவுன்டர் ஸ்டிரைக் 2’ ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் அதிகாரபூர்வ ஆட்டக்களங்களில் இத்தகைய தானியங்கி உதவியைத் தடைசெய்தது.

தமிழும் விசைப்பலகையும்

தமிழில் 247 எழுத்துகள். தட்டச்சுப் பொறியிலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில் வாழ்ந்த ஆர். முத்தையா இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். சில குறிகளுக்கான விசைகளை அடித்தால் பொறியின் வண்டி நகராது. அதே இடத்தில் அடுத்த எழுத்து வந்து சேரும். இவ்வாறு உயிர்மெய் எழுத்துகள் குறைந்த விசைகளில் அடங்கின.

கணினிக்கென 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி ‘தமிழ் 99’ விசை அமைப்பு தமிழ்நாடு அரசின் ஏற்பைப் பெற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டன. ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். புள்ளி தானே விழும்.

பொறிமுறை விசைப்பலகை வாங்க விரும்பும் தமிழ் மாணவர் பலர், ‘இதில் தமிழ் எழுத்து இல்லையே’ என்று தயங்குவதுண்டு. தயக்கம் வேண்டாம். விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்னும் எண்ணையே அனுப்புகிறது. அந்த எண்ணை ‘க’ என்று கொள்வதா ‘எச்’ என்று கொள்வதா என்பதைக் கணினியின் மென்பொருள் தீர்மானிக்கிறது. எனவே எந்த விசைப்பலகையிலும் தமிழ் எழுதலாம். ஆள்காட்டி விரல்கள் அமரும் எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேடுகளைத் தொட்டறிந்து பழகினால் எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே வராது.

புதிதாகப் பயன்படுத்துவோர் அறிய வேண்டியவை

முதல் சில நாட்களில் பிழைகள் கூடுவது இயல்பு. ரப்பர் விசைகளை அடிவரை குத்திப் பழகிய கைக்கு, பாதி வழியில் பதியும் விசை புதிது. தொட்டாலே எழுத்து விழுவதாகத் தோன்றும். தட்டச்சு நிலையங்களில் பழைய பொறியில் பயின்றவர்களுக்கோ இதற்கு மாறாக, விசைகள் மிகவும் இலேசாக இருப்பதாகப் படும். விரல் தன் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளக் கற்றபின் நெடுநேரத் தட்டச்சு எளிதாகிறது.

ஓசை கவனிக்கத்தக்கது. நீலச் சுவிட்சின் ‘கிளிக்’ அடிப்பவருக்கு இன்பம். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தொல்லை. ஒரே அறையில் பலர் உறங்கும் வீட்டிலும் மாணவர் விடுதியிலும் சிவப்பு, பழுப்பு போன்றவை பொருந்தும். இவ்வகைப் பலகைகள் உயரமானவை என்பதால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையாதபடி நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வலி தொடர்ந்தால் விசைப்பலகையை மாற்றுவது மட்டும் மருந்தாகாது.

பராமரிப்பில்தான் இதன் பெரிய நன்மை இருக்கிறது. விசை மூடிகளைக் கழற்றித் தூசியைத் துடைக்கலாம். சுவிட்சைப் பிடுங்கிப் பொருத்தும் வசதியுள்ள பலகையில் கெட்ட ஒன்றை மட்டும் மாற்றலாம். பற்றவைக்கப்பட்டதாயின் பழுதுபார்ப்பவர் உதவி தேவை. சுவிட்சுகள் பொதுவாக ஐந்து கோடி அழுத்தங்கள் வரை உழைக்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். தேநீர் சிந்தினால் மட்டும் இது எளிதில் பாதிக்கப்படும். உடனே இணைப்பைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்து, முழுவதும் உலர்ந்த பிறகே மீண்டும் இணைக்க வேண்டும்.

வண்ண விளக்குகள் ஒளிர்வதாலோ ‘கேமிங்’ என்று பெட்டியில் எழுதியிருப்பதாலோ ஒரு பலகை பொறிமுறையானதாகிவிடாது. அதே தோற்றத்தில் ரப்பர் பலகைகளும் விற்கப்படுகின்றன. ஒரு விசை மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே சுவிட்சின் தண்டு தெரிகிறதா ரப்பர் குமிழ் தெரிகிறதா என்பது விளங்கிவிடும். முடிந்தால் கடையிலேயே நான்கு வரி தட்டச்சு செய்து பார்த்து, தம் விரலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.