கோட்டை மேட்டுச் செங்கல்

பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் டச்சுக் கல்லறையைப் பார்த்துவிட்டு, ஏரியில் படகேறி, மீனோ இறாலோ வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முட்புதராகக் கிடக்கும் கோட்டை மேட்டுப் பக்கம் யாரும் போவதில்லை. 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடம் அது. போன தை மாதம் நான் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த பையன் ஒருவன், "தாத்தா, உள்ள போவாதீங்க, பாம்பு கெடக்கும்" என்று சத்தம் போட்டான். ஓரமாக நின்று, காலடியில் கிடந்த ஒரு செங்கல் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தேன். அது எடுத்துப் போகும் பொருள் அல்ல.

அந்தத் துண்டைப் பார்க்கப் போனதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 'தேர் குயித்' என்று ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார்கள். சுட்ட மண் என்று பொருள். பானை, ஓடு, செங்கல் எல்லாம் அதில் அடக்கம். ஓய்வு பெற்ற பிறகு பழைய பிரெஞ்சு நூல்களைப் புரட்டும்போதுதான், எமில் தெலியே என்ற பாரிஸ் விஞ்ஞானி 1938-ல் இந்தச் சுட்ட மண்ணின் காந்தத்தைப் பற்றியே ஆய்வேடு எழுதியவர் என்று தெரிந்தது. பிறகு மனைவி ஓடெத்தும் அவருமாகச் சேர்ந்து வேலை செய்து, 1959-ல் பெரிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள்.

விஷயம் இதுதான். களிமண்ணில் இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். சூளையில் 600, 700 டிகிரி சூடேறும்போது அவற்றின் பழைய காந்தம் கலைந்துவிடும். ஆறும்போது, அந்த நேரத்தில் அந்த இடத்தில் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் அவை மீண்டும் காந்தமேறி உறைந்துவிடும். இழுப்பு பலமாக இருந்தால் பதிவும் பலமாக இருக்கும். பிறகு செங்கல்லைப் பெயர்த்து வேறு சுவரில் வைத்தால் திசை குழம்பும். பலத்தின் பதிவு குழம்பாது.

ஆனால் அளந்து பார்த்தவுடன் பலம் தெரிந்துவிடாது. ஒரு செங்கல்லில் இரும்பு அதிகம், இன்னொன்றில் குறைவு. அதற்குத் தெலியே தம்பதி கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. செங்கல்லைப் படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் பழைய காந்தம் எவ்வளவு போகிறது, நாம் அறிந்த ஒரு காந்தப் புலத்தில் ஆறவிட்டால் புதிதாக எவ்வளவு ஏறுகிறது என்று ஒப்பிட்டார்கள். செங்கல்லே தனக்குத் தராசு! சூட்டில் இரும்பு வேறொன்றாக மாறிவிட்டால் கணக்கு கெட்டுவிடும். அதனால் கீழ்ப் படிக்கு மறுபடி இறங்கிச் சரிபார்ப்பார்கள். நாங்கள் அலுவலகத்தில் கூட்டல் போட்ட பின் கீழிருந்து மேலாக ஒருமுறை கூட்டுவோமே, அந்த மாதிரி. ரோமானியர் காலத்தில் பூமியின் காந்தம் இன்றைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது என்று அவர்களுக்குத் தெரியவந்தது.

பழவேற்காட்டுக்கு இதில் என்ன பங்கு? டச்சுக் கப்பல்காரர்கள் காம்பஸ் ஊசி மெய்வடக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பயணக் குறிப்பில் எழுதி வைத்தார்கள். அப்படிப்பட்ட பழைய கப்பல் குறிப்புகளைத் திரட்டித்தான் 1590 முதலான நானூறு ஆண்டுக் காந்த வரைபடத்தை 2000-ல் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். ஆனால் அந்தக் குறிப்புகளில் திசைதான் உண்டு, பலம் கிடையாது. பலத்தை முழுமையாக அளக்கும் முறையை ஜெர்மனியின் கௌஸ் கண்டுபிடித்ததே 1832-ல்தான். அதற்கு முந்தைய பலத்தைக் கேட்க வேண்டுமானால் செங்கல், பானை ஓடு, எரிமலைப் பாறை இவற்றைத்தான் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் கிடைத்த புதிய கற்கால, இரும்புக் காலச் சுட்ட மண்ணை வைத்து இப்படி ஆய்வு நடந்து, 1980களில் கட்டுரையும் வந்திருக்கிறது.

கட்டிய ஆண்டு தெரிந்த செங்கல் கிடைப்பது அரிது. இங்கே அது கிடைக்கலாம். ஒரு சிக்கல் உண்டு. டச்சுக்காரர்கள் கீழை நாடுகளுக்குக் கப்பலின் அடிப்பாரமாக ஹாலந்துச் செங்கல்லையும் ஏற்றி வந்தவர்கள். அங்கே சுட்டதென்றால் அது ஹாலந்தின் காந்தத்தைத்தான் சொல்லும். இன்றைய கணக்கில் அங்கே சுமார் 49 மைக்ரோடெஸ்லா, நம் பக்கம் 41. ஆகவே எந்தச் சூளைச் செங்கல் என்று முதலில் தெரிய வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பணியில் இருந்தபோது, இடித்த ஒரு பழைய கட்டடத்தின் சாமான் பட்டியலில், "உடைந்த செங்கல் – மதிப்பு ஏதுமில்லை" என்று என் கையாலேயே எழுதினேன். லாரி வந்தது, பள்ளம் நிரப்பப் போய்விட்டது. கட்டிய ஆண்டு வாசற்கல்லில் வெட்டியிருந்தது.

உங்களில் யாராவது தாத்தா காலத்து வீட்டை இடிக்கிறீர்கள், கட்டிய வருஷம் தெரியும், உள்ளூர்ச் சூளைச் செங்கல் என்றும் தெரியும் என்றால், நாலு கல்லை எடுத்து வருஷத்தை எழுதி ஒரு மூலையில் வையுங்கள். அடுப்புக்கு முட்டுக் கொடுக்க மட்டும் எடுத்துவிடாதீர்கள். மறுபடி சூடேறினால் பழைய பதிவு போய்விடும்.